பாத்ரூம் சந்தை

அம்மன் கோவில் ஜாத்திரைக்கு வந்த சொந்தக்காரர்களால் விஜயபுரத்தில் எங்கள் வீடு பிதுங்கிக்கொண்டிருந்தது. இருந்ததோ ஒரே பாத்ரூம். முதல் நாள் காலையிலேயே அதன் வாசலில் சண்டை.

"மாசமா கீறவங்க, பெரியவங்க மொதல்ல போவட்டும்" என்றார் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

திருப்பதியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் மாமா, அம்மாவின் தம்பி, அதைக் கேட்டுப் பரிதாபமாகச் சிரித்தார். மனிதர்களை உத்தரவு போட்டு நடத்தக் கூடாதாம். காலண்டர் தாள்களைக் கிழித்து எல்லோருக்கும் சமமாகச் சீட்டுக் கொடுத்தார். ஒரு தடவை உள்ளே போக ஒரு சீட்டு. வேண்டாதவர் விற்கலாம், வேண்டியவர் வாங்கலாம்.

"யாருக்கு ரொம்ப அவசரமோ, சீட்டு தானா அவங்க கைக்குப் போய்ச் சேரும். நாம குறுக்க போவாம இருந்தா போதும்."

சீட்டுகள் தானாகத்தான் போயின, பெரியப்பா மகனின் கைக்கு. குளிக்கச் சொன்னால் மாந்தோப்பில் போய் ஒளிகிற அந்த அண்ணன், பிள்ளைகளுக்கு முறுக்கைக் கொடுத்தும் பெரியவர்களுக்காகக் கடைக்கு ஓடியும் மதியத்துக்குள் முக்கால்வாசிச் சீட்டுகளை வாங்கிவிட்டான். நானும் விற்றவள்தான்.

மாசமாக இருந்தவர் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை. அவருடைய பங்கு காலையிலேயே தீர்ந்திருந்தது. சாப்பாடானதும் அண்ணனிடம் ஒரு சீட்டுக் கேட்டார். மாமாவின் செல்போனைச் சாயந்திரம் வரை விளையாடக் கொடுத்தால் தருவதாகச் சொன்னான் அவன்.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, விலை ஏறுது. தேவை இன்னான்னு விலைதான் சொல்லும்."

"அப்ப போனைக் குடுங்க."

"அது என்னுது. நீ உன்னுதுல எதையாவது குடு."

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சீட்டில்லாமலே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்தில் கொய்யா பறித்ததற்கே என்னை அடித்த அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கறிக்குழம்பை அளவில்லாமல் ஊற்றிச் சாப்பிட்டிருந்த மாமா, சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். செல்போன் பேரமில்லாமல் அண்ணனின் கைக்கு மாறியது. சீட்டோடு போய்க் கதவைத் தட்டினார்.

"சீட்டு வெச்சிக்கினு நிக்கிறேம்மா."

"வெச்சிக்கினே இருங்க" என்றார் அத்தை உள்ளிருந்து.

மாமா கடலைக்கொல்லைப் பக்கம் ஓடி மறைந்த பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது. அத்தையின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது, தலையும் நனைந்திருக்கவில்லை. அவ்வளவு நேரம் அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. கல்யாணமான பிறகுதான் விளங்கியது.