பாஸ்வேர்ட் கேட்காத ஃபைல்

செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் சர்வரை நாங்கள் இருவர் பார்த்துக்கொண்டோம்: நானும், தாராவியில் என் தெருவிலேயே வளர்ந்த தோழியும். பழைய ஸ்கேன் படங்களை நீக்கும் ஸ்கிரிப்ட் தினமும் தானாக ஓட வேண்டும். அதுவோ அட்மின் பாஸ்வேர்ட் கேட்டு நின்றுவிடும். பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும் இருந்தது. அந்த ஒரு ஸ்கிரிப்டை மட்டும் பாஸ்வேர்ட் இல்லாமல் ஓட்டலாம் என்று அனுமதி எழுதிவைத்தேன். மூன்று விஷயங்களைச் சரிபார்த்தேன்: யார் ஓட்டலாம், எந்த சர்வரில், எந்த ஃபைலை. அந்த ஃபைலை யார் திருத்தலாம் என்று பார்க்கவில்லை. அவளாலும் திருத்த முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, இன்னொரு ஃபோல்டரையும் காலி செய்ய அவள் அதில் ஒரு வரி சேர்த்தாள். ஃபோல்டரின் பெயரில் பாதி விட்டுப்போயிற்று. அந்த மாதத்துப் படங்கள் எல்லாம் அழிந்தன.

"ஏட்டி, ஒரு வார்த்த கேக்காம ஓடிட்டு. பாஸ்வேர்ட் கேட்டிருந்தா ஒன்னக் கூப்பிட்டிருப்பேம்லா" என்றாள். "நல்லா பண்ணி வச்சிருக்க, போ."

ஓட்டையை முதலில் அடைப்பதுதான் எங்கள் வேலையில் வழக்கம். அட்மின் மட்டுமே திருத்த முடியும்படி ஃபைலை மாற்றினேன். முன்பு எப்படி இருந்தது என்று எங்கும் குறித்துவைக்கவில்லை.

மறுநாள் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, அந்த ஃபைலை யார் திருத்தலாம் என்பதைத் திரையில் காட்டினார். "இதை அட்மின்தானே மாத்த முடியும்? அவளுக்கு பாஸ்வேர்ட் எப்படிக் கிடைச்சது? திருடினாளா?"

நேற்றுதான் நான் அப்படி மாற்றியிருந்தேன்; பதில் எனக்குத் தெரியும். "பாத்துச் சொல்றேன் சார்" என்றேன்.

மதியத்துக்குள் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாஸ்வேர்ட் திருட்டு என்று கடிதத்தில் காரணம் போட்டிருந்தது.

மூன்றாம் நாள்தான், நடந்ததை எண் போட்டு எழுதி அவரிடம் கொடுத்தேன். திருட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு கடிதம் தந்தார். "படம் போனது போனதுதானே" என்றார். வேலை திரும்பவில்லை.

அந்தக் கடிதத்தை சுனாபட்டி ஸ்டேஷனில் அவளிடம் கொடுத்தேன். வாஷிக்கு இன்டர்வியூவுக்குக் கிளம்பியிருந்தாள். இரண்டு முறை படித்தாள்.

"திருடினாளான்னு அவரு கேக்கும்போது நீ எங்கட்டி இருந்த?"

"எதிர்லதான்."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறி, வாசலில் நின்று திரும்பினாள்.

"வேலைய ஏன் விட்டன்னு கேட்டா ஒன் நம்பரக் குடுக்கேன். அப்பமாவது ஒடனே சொல்லிரு."

அந்த ஃபோன் இதுவரை வரவில்லை.