ஆர்டிஸ் அம்மாளின் ஐந்து மணி

"அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான். அஞ்சு ஒண்ணுக்கு ஆண்டவரே மனுவோட வந்து நின்னாலும், 'அடுத்த வருஷம் வாங்க ஆண்டவரே'ன்னு திருப்பி அனுப்பிடுவேன்!"

இருபத்தைந்து ஆண்டுப் பணி நிறைவு விழாவில், கையில் கேக் தட்டோடு ஆர்டிஸ் டோலஃப்சன் முழங்கினாள். கைதட்டியவர்களில் லூத்தரன் சபைப் பாதிரியாரும் ஒருவர்.

உயர்கல்விக்கென்று வாஷிங்டன் கொடுக்கும் பணத்துக்கு மாநிலத்துக் கல்லூரிகளிடம் மனு வாங்கி, ஒரே கட்டாகக் கோத்து அனுப்பும் மகத்தான பதவி அவளுடையது. கோட்டைக்குக் காவல் வேண்டாமா?

அந்த வசந்தத்தில் மாநிலத்தின் மேற்குக் கோடியிலிருந்து டெல்மர் ஹைனர்ட் கூப்பிட்டார். மிசௌரி ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி நடக்கும். அங்குள்ள சிறு கல்லூரி அவருடையது.

"ஆர்டிஸ், எங்க மனுவ ஏன் தள்ளிட்டீங்க? சரியா அஞ்சுக்கு அனுப்பினோமே!"

"இங்க மாநிலத் தலைநகரத்துல அப்போ ஆறு, டெல்மர்."

"சூரியன் உங்க பக்கம் முதல்ல வந்தா அதுக்கு நாங்க என்ன தாயே பண்றது?"

"கிழக்கே குடி வந்துடுங்க."

"சிரிக்காதீங்க. இந்தப் பணம் வரலேன்னா நர்சிங் படிக்கிற அறுபது பிள்ளைங்களுக்குத் தனிப்பாடம் நின்னுபோகும். பாதிப் பேர் வீட்டுக்கே போயிடுவாங்க."

"விதின்னா விதிதான், டெல்மர்."

வருடா வருடம் வரும் கல்லூரி என்று டெல்மருக்கான பக்கங்களை முன்கூட்டியே கட்டில் சேர்த்துவிட்டிருந்தாள். இப்போது அவற்றை உருவ வேண்டியதாயிற்று. பக்க எண், கூட்டுத்தொகை, வரைபடம் எல்லாம் சரிந்தன. நிமிர்த்தி வைக்க நான்கு நாள் பிடித்தது. எப்போதும் மூன்று நாள் முன்னதாகப் போகும் கட்டு, இந்த முறை வாஷிங்டன் விதித்த கடைசி நாள் நாலு இருபதுக்குத்தான் தயாரானது. அங்கேயும் கெடு ஐந்து மணிதான்; இன்னும் நாற்பது நிமிஷம். பெருமிதத்தோடு பொத்தானை அழுத்தினாள்.

"காலக்கெடு முடிந்தது" என்றது திரை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மேசைக் கடிகாரத்தையும் பார்த்தாள். மூன்று சாட்சிகளும் சொல்லிவைத்தாற்போல நாலு இருபது என்றன. வாயிலிருந்த சூயிங்கம் அப்படியே நின்றது. இன்னும் கிழக்கே இருக்கும் வாஷிங்டனில் இப்போது ஐந்து இருபது. இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த ஊருக்கும் ஒரு கடிகாரம் உண்டென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை! ஒரு மாநிலத்தின் கல்லூரிகளெல்லாம் அந்தத் திரைக்கு வெளியே நின்றன.

வாஷிங்டனைக் கூப்பிட்டாள். ஒரு பெண்குரல் எடுத்தது.

"எங்க ஊர்ல இன்னும் அஞ்சு ஆகலீங்க..." என்றாள் ஆர்டிஸ். சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம்.

எதிர்முனை பெருமூச்சு விட்டது. "பயப்படாதீங்கம்மா. முதல் தடவை பிசகினா ஒரு நாள் திறந்துவிட எனக்கு அதிகாரம் இருக்கு. நாளைக்கு மதியம் பன்னிரண்டு வரைக்கும். எங்க ஊர்ப் பன்னிரண்டு, ஞாபகம் வச்சுக்குங்க."

ரிசீவரை வைத்தாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தினாள். தள்ளுபடிப் பெட்டியைத் திறந்து டெல்மரின் மனுவை எடுத்தாள். "பெறப்பட்ட நேரம்" என்ற இடத்தில் ஆறை அடித்து, "5.00, அவர்கள் ஊர் மணிப்படி" என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டாள். பக்க எண்களை முதலிலிருந்து மாற்றத் தொடங்கினாள்.