அம்மாவின் முகம், வேறொருத்தியின் குரல்

கண்டியில் எங்களுக்கென்று ஒரு தமிழ் அலைவரிசை தொடங்கியபோது முதலில் வேலைக்குச் சேர்ந்த ஒன்பது பேரில் நானும் ஒருத்தி. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த நாட்கள் உண்டு. இப்போது யாராவது கேட்டால், "ஆமா, கொஞ்ச நாள் இருந்தேன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன். மாற்றாவிட்டால் கோபம் வந்துவிடும். இங்கே மாற்றப் போவதில்லை.

"மலையகத்தின் சொந்தத் திரை" என்றுதான் விளம்பரம் போட்டிருந்தார்கள். அதுவரை நாங்கள் பார்த்த தமிழ் நிகழ்ச்சிகளெல்லாம் சென்னையிலிருந்து வந்தவை, இல்லாவிட்டால் கொழும்பில் தயாரானவை. எங்கள் ஊர்கள் திரையில் வருவது மண் சரிந்தால் மட்டும்தான். அதனால் அந்த விளம்பரத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்து, உயர்தரப் பரீட்சைச் சான்றிதழோடு சேர்த்துக் கொண்டுபோனேன்.

நேர்முகப் பரீட்சையில் ஒரு பக்கம் செய்தி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். பிறகு என்னைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். நடுவில் இருந்தவர் கொழும்பிலிருந்து வந்திருந்த பணிப்பாளர்.

"வாசிப்பு நல்லா இருக்கு. பேசும்போதுதான் கொஞ்சம் தோட்ட வாடை அடிக்குது" என்றார்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் இல்லை. கண்டி நகருக்குள்ளேயே இருக்கும் மஹய்யாவயில் பிறந்து, நகரப் பாடசாலையில் படித்தவள். ஆனால் அவருக்கு எங்கள் எல்லோருடைய பேச்சும் ஒன்றுதான். தோட்டத்தில் பிறந்திருந்தால் மட்டும் அந்தச் சொல் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்க வேண்டும். நான் சிரித்தேன். அவர் சொன்னதைவிட, நான் சிரித்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் எரிகிறது.

அறிவிப்பாளர் வேலை தரவில்லை. நிகழ்ச்சி உதவியாளர் என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவும் போதும் என்று நினைத்தேன்.

தொடக்க நாளுக்காகப் பத்து நிமிட நிகழ்ச்சி ஒன்று திட்டமிட்டார்கள். கண்டி நகரத்தின் ஒரு காலை நேரம். "சாதாரண மனுஷங்களக் காட்டணும். நம்ம மக்கள். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று பணிப்பாளர் கேட்டார். வீதி துப்புரவு செய்யும் ஒரு பெண்ணைத் தெரியும், நன்றாகப் பேசுவார் என்றேன். அது என் அம்மா என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு நல்ல காரணம் ஒன்றும் கிடையாது. வெட்கம்தான்.

அம்மா மாநகர சபையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். மஹய்யாவயில் எங்கள் வரிசை வீடுகளே நகரத் துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் கட்டியவைதான்; அந்தப் பெயரைச் சொன்னாலே ஊரில் முகம் சுளிப்பார்கள். அப்போது வாவியைச் சுற்றிய வீதியில் அவருக்கும் இன்னும் மூன்று பெண்களுக்கும் வேலை. டீவிக்குப் பேச வேண்டும் என்று நான் சொன்னதும், சீருடையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைய எடுக்குறதுன்னா நான் பேசுற மாதிரிதான் பேசுவேன். டீவிக்காக வாயக் கோணலா வச்சுக்கிட்டுப் பேச எனக்கு வராது."

"அப்புடியே பேசுங்கம்மா. அதுக்குத்தானே இந்தச் சேனலே வருது."

அந்த வாக்கைக் கொடுத்தது நான். வேறு யாரும் இல்லை.

படம்பிடிக்க வந்தவர் குண்டசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஒரு சிங்களவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அம்மா வேலை செய்வதை அரைமணி நேரம் சும்மா நின்று பார்த்துவிட்டுத்தான் கமராவைத் தோளில் தூக்கினார். காலை வெயில் வாவியின் மேல் விழ ஆரம்பித்திருந்தது. அம்மா விளக்குமாற்றை மரத்தில் சாய்த்துவிட்டு, கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் கமராவுக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்டேன். முதல் இரண்டு பதில் சுருக்கமாக வந்தது. மூன்றாவது கேள்விக்கு அவர் என்னை மறந்துவிட்டார்.

"பெரஹரா ஊர்வலம் பாக்க வர்றவங்க யானையப் பாக்குறாங்க. நாங்க யானை போன பெறகு ரோட்டப் பாக்குறோம். விடிஞ்சு ஆளுக நடக்கயில ரோடு சுத்தமா இருக்கும். அது தானா சுத்தமானதுன்னு நெனச்சுக்கிட்டுப் போவாங்க. ஒரு நாள் நாங்க நாலு பேரும் வரலைன்னு வைங்க, அன்னைக்குத்தான் எங்க மொகம் ஞாபகம் வரும்."

பிறகு நான் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"எங்க புள்ளைக எல்லாம் படிச்சிருச்சுக. ஆனா எந்த ஊருன்னு கேட்டா முழுங்குதுக. பக்கத்து ஊரு பேரச் சொல்லுதுக. நாங்க அழுக்க எடுத்துப் போட்டது தப்பா, அதப் பாத்து மூக்கப் பொத்துனது தப்பா? இத டீவியில போடுங்க. போடுவீங்களா?"

படப்பிடிப்பாளர் கமராவை இறக்கிவிட்டு, "அம்மா ஹொந்தட்ட கதா கெருவா" என்றார். அம்மா நன்றாகப் பேசினார் என்று. சொன்னது ஒன்றும் விளங்காமலேயே அவருக்கு அது தெரிந்திருந்தது.

அதன் பிறகு தொடக்க விழா வேலைகளில் என்னை இழுத்துவிட்டார்கள். அழைப்பிதழ், மண்டபம், பூமாலை. நிகழ்ச்சியைத் தொகுக்கும் அறைக்குள் நான் போகவே இல்லை.

விழா நகரத்தின் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில், பின்னேரம். தமிழ் அலைவரிசையின் விழாவில் முதல் மூன்று பேச்சும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தன. நான்காவதாகப் பேசிய தமிழ்ப் பிரமுகர் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்தார். என் வேலை விளக்கேற்றும் இடத்தில் தட்டோடு நிற்பது. என் மனமெல்லாம் மஹய்யாவயில் இருந்தது. அங்கே சனசமூக நிலையத்து டீவிக்கு முன்னால் கதிரைகள் போட்டு, எங்கள் வரிசை வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா ஃபோனில் சொல்லியிருந்தார்.

பெரிய திரையில் வாவி வந்தது. பிறகு அம்மா வந்தார். கையை முன்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

"நாங்கள் எமது பணியை இறைபணியாகக் கருதி, மனமகிழ்வுடன் ஆற்றி வருகின்றோம்."

இளம் பெண்ணின் குரல் அது. தேன் மாதிரி இனிமையாக, திருத்தமாக இருந்தது. அம்மாவின் வாய் ஒன்றைச் சொல்ல, அந்தக் குரல் வேறொன்றைச் சொல்லிக்கொண்டு போனது. மூக்கைப் பொத்துவது பற்றி அவர் கேட்ட இடம் வந்தது. கழுத்து நரம்பு தெரிய அவர் கேட்கிறார். குரல் சொன்னது: "எழில்மிகு கண்டி மாநகரைத் தூய்மையாகப் பேணுவதில் எமக்குப் பெருமையே."

மண்டபத்தில் கைதட்டினார்கள்.

தட்டை யார் கையில் கொடுத்தேன் என்று நினைவில்லை. பணிப்பாளரை மேடைக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"அவங்க சொன்னது அது இல்ல சேர்."

"யாரு?"

"ரோட்டு வேல செய்யுற அம்மா. அவங்க பேசுனத நீங்க அப்புடியே போட்டிருக்கணும்."

"பாத்தீங்கதானே, எப்பிடிக் கைதட்டினாங்கன்னு. அந்தப் பேச்ச அப்பிடியே போட்டா ஆக்கள் சிரிப்பாங்க. நான் அவங்களுக்கு மரியாதைதான் தேடிக் குடுத்தேன்."

"அவங்க என் அம்மா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் முகத்தில் அதுவரை தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேலையே கிடைத்திருக்காது என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

குரல் கொடுத்த பெண் உடைமாற்றும் அறையில் இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு அறிவிப்பாளராகச் சேர்ந்தவள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"எனக்குத் தெரியாதக்கா. பேப்பரைத் தந்திச்சினம், வாசிச்சன். எங்கட பேச்சையும் இஞ்ச விடமாட்டினம். நான் ஆமாவுக்கு 'ஓம்' எண்டு சொன்னாலே சிரிக்கினம்."

அவளைத் திட்டத்தான் போனேன். திட்ட முடியவில்லை. அவள் பேச்சு இல்லை, என் பேச்சு இல்லை. அப்படியானால் அந்தத் திரையில் பேசியது யாருடைய தமிழ்? எந்த வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்?

அம்மா ஃபோனை எடுக்கவில்லை. விழா முடியும்வரை நிற்காமல் நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். அம்மா நல்ல சேலையோடேயே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சனசமூக நிலையத்தில் முதலில் எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்களாம். இதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ தானே கேள்வி கேட்ட. நான் பேசுனது ஒனக்கு வெளங்குச்சா இல்லையா?"

"வெளங்குச்சும்மா."

"அப்ப யாருக்கு வெளங்காதுன்னு மாத்துனாங்க?"

நான் அழுதிருந்தால் அவர் மனம் இளகியிருக்கும். எனக்கு அழுகை வரவில்லை.

அந்த வாரமே அம்மாவும் மற்ற மூன்று பெண்களும் தேநீர் இடைவேளையில் எங்கள் அலைவரிசையின் கந்தோருக்கு வந்தார்கள். சீருடையோடு வந்தார்கள். வரப்போவதாக என்னிடம் சொல்லவில்லை. வரவேற்பறையில் இருந்த பெண் பின்வாசலைக் காட்டினாள், ஏதோ கழுவ வந்தவர்கள் என்று நினைத்து. அம்மா அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்தார். மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள். பணிப்பாளர் வெளியே வர வேண்டியதாயிற்று.

"வாங்கம்மா, வாங்க. உங்க நிகழ்ச்சிக்கு எவ்வளவு பாராட்டு தெரியுமா?"

"அது என் நிகழ்ச்சி இல்லைங்க. என் மூஞ்சி மட்டுந்தான் என்னோடது."

"இல்லம்மா, கேக்கிறவங்களுக்கு இலகுவா இருக்கணும்னுதான்..."

"நான் ரோடு கூட்டுறத நீங்க வேற ஆள வச்சு கூட்டிக் காட்டலையே. அது மட்டும் நானே செய்யணும். பேசுறதுக்கு மட்டும் வேற ஆளா? நான் சொன்னதப் போடுங்க. இல்லாட்டி என் மூஞ்சிய எடுத்துருங்க."

அம்மா குரலை உயர்த்தவில்லை. நான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு போய் அம்மா பக்கத்தில் நின்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த இடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. பணிப்பாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறு ஒளிபரப்பில் சரிசெய்வதாகச் சொன்னார். கையெழுத்தெல்லாம் தேவையில்லை, என் வார்த்தை போதும் என்றார்.

சரிசெய்தார்கள். மறு ஒளிபரப்பில் வாவி வந்தது, சந்தை வந்தது, பூக்கடை வந்தது. அம்மா இல்லை. மற்ற மூன்று பெண்களும் இல்லை. வீதி மட்டும் சுத்தமாக இருந்தது.

அடுத்த நாள் காலை வேலையை விட்டேன். கடிதம் எழுதவில்லை. பணிப்பாளரின் மேசையில் என் அடையாள அட்டையை வைத்துவிட்டு, "நீங்க நாங்க சொல்றதப் பாத்துத்தான் பயப்புடுறீங்க சேர், உச்சரிப்பப் பாத்து இல்ல" என்றேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சில நாள் கழித்து குண்டசாலைப் படப்பிடிப்பாளர் வீடு தேடி வந்தார். அன்று எடுத்த முழுப் பதிவையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். திரையில் அம்மாவைப் பார்த்தபோது, அது அவருடைய குரல் இல்லை என்று தனக்கு உடனே தெரிந்ததாகச் சிங்களத்தில் சொன்னார். தமிழே தெரியாத மனிதருக்குத் தெரிந்தது. மண்டபத்தில் கைதட்டிய தமிழர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தட்டினார்கள்.

அந்தப் பதிவை ஒரு ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் போட்டுக் காட்டினோம். இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை. மூக்கைப் பொத்துவது பற்றி அம்மா கேட்ட இடம் வந்தபோது பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அப்புடிக் கேளு தாயி" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் மனது ஆறிவிடும் போலிருந்தது.

அம்மாவுக்கு ஆறவில்லை. கதிரைகளை அடுக்கும்போது சொன்னார்: "நாம பேசுறது நமக்குத் தெரியும் புள்ள. நமக்கே போட்டுக் காட்டி என்னா பிரயோசனம்? அவங்கதானே கேக்கணும்."

அவர் சொன்னது சரி. அதனால்தான் என் கோபமும் தீரவில்லை.

நான் இப்போது கெலிஓயாவில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். அந்த அலைவரிசை இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் சென்னைத் தொடர்கள்தான் ஓடுகின்றன. போன மாதம் அங்கிருந்து யாரோ ஒரு புது ஆள் ஃபோன் எடுத்தார். ஆண்டுவிழாவுக்காகத் தொடக்க நாள் படங்களைத் தேடுகிறார்களாம். துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் பேட்டி என்னிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம், நெஞ்சைத் தொடும் விஷயமாக இருக்கும் என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. "முழுசா, என் வாயால பேசுனதப் போடுறதா இருந்தா குடு. ஒரு வார்த்த கொறஞ்சாலும் குடுக்காத" என்றார்.

அதை அப்படியே அந்த ஆளிடம் சொன்னேன், அம்மாவின் வார்த்தைகளிலேயே.

"மேலிடத்துல கேட்டுச் சொல்றேன் மிஸ்" என்றார்.

இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போல.