அத்தானை அழைத்துவரக் குற்றாலம் போனது

தென்காசி ஸ்டேஷனில் அக்காவும் நானும் இறங்கியபோது பகல் ஒரு மணி. குற்றாலம் மூன்றரை மைல். குதிரை வண்டிக்காரர் போகவரப் பத்தணா கேட்டார். சாரல் பிடித்துவிட்டதால் பேரம் பேசவில்லை.

அக்காவுக்கு ஏழாம் மாதம். நான் பிரசவ நர்ஸ் பயிற்சி முடித்தவள். அவள் கால் வீக்கத்தைப் பார்த்து, பயணம் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சென்ற மாதம் பேரருவியில் குளிக்கப்போன அத்தானை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. உடல் கிடைத்தது, எரித்தாயிற்று. ஆனால் தண்ணீரில் போன உயிர் அந்தத் தண்ணீரிலேயே நிற்கும் என்பார்கள் எங்கள் குடும்பத்தில். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செம்பில் நீர் மொண்டு, தரையில் வைக்காமல் வீடு சேர்க்க வேண்டும். வழியில் பாலம் வந்தால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது ஆற்றைத் தாண்டாது. புருஷன் பெயரை அக்கா சொல்லமாட்டாள். ஆகவே கூப்பிடுவதும் சொல்லுவதும் என் பொறுப்பு.

இலஞ்சித் தென்னந்தோப்புகளைக் கடக்கும்போது கேட்டேன்.

"ஆன்மாவுக்குப் போக்கும் வரவும் கிடையாது, எங்கும் நிறைஞ்சதுன்னு அப்பா சொல்லுவாக. அப்போ யாரைக்கா கூப்பிடப் போறோம்?"

"எங்கும் இருக்குன்னா நம்ம வீட்டுல ஏன் இல்ல, ஏட்டி?"

அருவியின் முன் என் பயங்களை வரிசைப்படுத்தினேன்: பாசிப் பாறை, செம்மண் வெள்ளம், அக்காவின் வயிறு. நான்காவதைத்தான் நினைக்கவே கூசியது. அவளே அத்தானிடம் போய்விடுவாளோ என்பது அது. அவள் முந்தானையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மூன்று தரம் கூப்பிட்டேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா செம்பில் நீர் மொண்டுகொண்டாள்.

திரும்புகையில் அந்தி. அக்காவின் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்தபோது சிற்றாற்றுப் பாலம் பின்னால் போயிருந்தது.

"சொன்னியா?" என்றாள்.

"மனசுக்குள்ள சொன்னேங்கா."

வண்டிக்காரர் சிரித்தார். "கூட ஒரு ஆள் ஏறினா என் குதிரைக்குத் தெரியும் தாயி. இது போகும்போது இழுத்த மாதிரித்தான் இழுக்குது."

"அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க." அக்கா காலைக் கீழே நீட்டினாள். "அவுக அங்கன தனியா நிக்குதாக. நான் போயிக் கூட்டிட்டு வாரேன்."

ஆறு கரைமுட்ட ஓடியது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். அவளை இழுத்து உட்காரவைத்தேன்.

"நீ செம்பைப் பிடி. நான் போறேன்."

பாலத்தின் மறுகோடிவரை நடந்தேன். ஒருவரும் இல்லை. "அத்தான், பாலம் வருது. பாத்து வாங்க" என்றேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். வழக்கம் இல்லாவிட்டாலும் பார்த்திருக்கமாட்டேன்.

நான் ஏறியதும் வண்டிக்காரர் சிரிக்கவில்லை. கொஞ்சம் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

திருநெல்வேலி ரயிலில் அக்கா செம்பை மடியில் வைத்தபடி, அத்தான் போனபின் முதல் தடவையாகத் தூங்கினாள். அம்பாசமுத்திரம் தாண்டியதும் ரயிலின் சத்தம் மாறியது. தாமிரபரணிப் பாலம். அப்பா சொன்னது சரியென்றால் நான் வாயைத் திறக்கவே வேண்டாம். தவறாக இருந்தால்?

"பாலம் வருது அத்தான், வாங்க" என்றேன் மெதுவாக.

"உம்" என்று பக்கத்திலிருந்து பதில் வந்தது. அக்காதான் தூக்கத்தில் முனகியிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.