செடித் தலைவி

நேற்று மகள் பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். "புதுசா வந்த பிள்ளைய செடிக்குத் தண்ணி ஊத்துற லீடரா போட்டிருக்காங்கம்மா. விடியமுன்னயே வந்துருதாம். எனக்கு ஏம்மா குடுக்கல?" என்றாள். "உனக்கு வேண்டாம்" என்றேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பேகம்பூர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு வீடு அமையவில்லை. அத்தா வேலை பார்த்த தோல் கிடங்கின் பின்பக்கம் தங்கினோம். கூரை இருந்தது; குளிக்க இடமில்லை. சில நாட்களில் என் சீருடை தோல் வாடை அடித்தது. "ஏய் ஆட்டுத்தோலு, அங்கிட்டுத் தள்ளி உக்காரு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதேன். என் படிப்பை நிறுத்திவிட்டு, சித்தையன்கோட்டையில் மாமி வீட்டில் விட்டுவிடலாம் என்று அம்மாவும் சொன்னார்.

பிள்ளைகளின் கஷ்டத்தைக் கேட்பதற்கென்று எங்கள் பள்ளியில் ஒரு சிஸ்டர் இருந்தார். இப்போதென்றால் கவுன்சிலர் என்பார்கள். அம்மாவை வரவழைத்துத் தனியே பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நாளையிலருந்து நீதான் செடித் தலைவி. வெள்ளனவே வந்து தண்ணி ஊத்தணும். சேத்துல நிக்கிற வேலை, அதனால ஹாஸ்டல் பாத்ரூம்ல குளிச்சிட்டுத்தான் கிளாசுக்குப் போகணும். சீருடையும் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாமி வீட்டுப் பேச்சு அத்தோடு நின்றது. பக்கத்தில் இருந்தவள் தனக்கும் அந்தப் பதவி வேண்டுமென்று கேட்டு, இல்லையென்று திரும்பி வந்தாள்.

மறுநாள் அம்மாவும் துணிமூட்டையோடு வந்தார். நான் வழிமறித்தேன்.

"இங்கல்லாம் தலைவி மட்டுந்தாம்மா குளிக்கலாம்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. "அம்புட்டுச் செடிக்கும் நீ ஒருத்தியா ஊத்துவ? தலைவிக்கு ஒரு உதவியாள் வேணாமா?"

அன்றிலிருந்து அம்மாவை அதிகாரம் செய்தேன். "அந்த ரோஜாவுக்கு இன்னும் ஊத்தணும்" என்பேன். "சரிங்க தலைவி" என்று ஊற்றுவார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பதவி போய்விடுமோ என்று பயந்து சிஸ்டரிடம் ஓடினேன். "மழை அது பாட்டுக்குப் பெய்யட்டும். நீ உன் வேலையப் பாரு" என்றார்.

கொட்டும் மழையில், ஒரே குடைக்குள் நின்றுகொண்டு, நானும் அம்மாவும் ரோஜாச் செடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். செடிக்கு இன்னும் தாகம் அடங்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.