உன் கூட்டாளி ஏறிட்டாளா?

கரியாலூர் அருவிக்குப் போகும் வழியில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு விற்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இதை நானே எழுதினால்தான் என் மனசு ஆறும்.

போன மாதம் சுற்றுலா வந்த ஒரு பள்ளிக்கூட வேன் புறப்பட்டுப் போன பிறகு, உடை மாற்றும் மறைப்பிலிருந்து ஈரத்தலையோடு ஒரு சிறுமி வந்தாள். வேனைக் காணாமல் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நல்லவேளை, வேன் திரும்பி வந்தது. அதிலிருந்து இன்னொரு சிறுமி குதித்து, "பவித்ரா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த டீச்சர் சொன்னார்: "இந்த மெர்சிதான் திரும்பிப் பாத்துட்டு, பவித்ரா இல்லன்னு கத்துனா. ரெண்டும் எப்பவும் ஒட்டிக்கினே இருக்குதுங்கன்னு வேற வேற சீட்டுல குந்த வெச்சோம். ஒருத்திகூடவே சிநேகிதம் கூடாதுன்னு எங்க ஸ்கூல்ல ரூலு, ஆயா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா ரூலு? இவகூட நீங்க சோடி சேத்த பொண்ணு, பக்கத்துல எடம் காலின்னு காலை நீட்டிக்கினு வந்துச்சா?"

வேனை மறித்து நின்றேன். இருவரையும் ஒரே சீட்டில் உட்கார வைத்த பிறகுதான் வழி விட்டேன்.

இப்போது எந்தப் பள்ளி வேன் கிளம்பினாலும் கூடையை இறக்கிவிட்டுப் படியருகே நின்று, "உன் கூட்டாளி ஏறிட்டாளா?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்கிறேன். டீச்சர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். பதில் வராமல் நகர மாட்டேன்.