கிளட்சுக்கு அடியில் கோணி

போளூர் ரோட்டில் என் லாரியின் கியர் விழாமல் கறகறத்ததும் அப்பாவின் பழைய லாரி நினைவுக்கு வந்தது. பள்ளி லீவில் நானும் அதில் போவேன். ஒருநாள் அப்பா கியரோடு மல்லுக்கட்டி, வழியில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினார். அவர் கிளட்சுக்கு அடியிலிருந்து ஒரு கோணியை உருவினார். இஞ்சின் சூடு அப்பாவின் காலில் ஏறக் கூடாதென்று அம்மா நாலாக மடித்துப் போட்டது. அது தடுத்ததால் கிளட்ச் முழுசாக இறங்கவில்லை.

“இத்த தூக்கிக் கடாசுங்க,” என்றார் மெக்கானிக்.

“சும்மா இருப்பா. அவ பாத்துப் பாத்து மடிச்சிகினு இருந்தா,” என்று அப்பா அதைச் சீட்டுக்குப் பின்னால் செருகினார். ஆரணியில் எங்கள் தெருமுனை வந்ததும் மறுபடி விரித்தார்.

வாசலுக்கு வந்த அம்மா, “கால் சுடலியே?” என்றாள்.

“ஜில்லுனு கீது,” என்றார் அப்பா.

இப்போது நான் குனிந்து பார்த்தேன். காலையில் மனைவி போட்ட புதுக் கால்மிதி கிளட்சுக்கு அடியில் தடியாகக் கிடந்தது. சுருட்டிச் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். தெருமுனையில் மறக்காமல் விரிக்க வேண்டும்.